‘பசிக்கல’ என்பவரை வீட்டில் பார்க்கும்போது: வடசென்னைக் களப்பணியாளர்களுக்கு

காசிமேடு, வியாசர்பாடி, தண்டையார்பேட்டை என்று வீடு வீடாகப் போகிற செவிலியர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் இது எழுதப்படுகிறது. முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். ‘குண்டாயிடுவேன்னு பயமா இருக்கு’ என்று வாயால் சொன்னால்தான் அனோரெக்ஸியா (சாப்பாட்டை ஒதுக்கி, எடை ஏறவிடாமல் உடலை மெலியவைக்கும் மனநலக் கோளாறு) என்று காத்திருக்காதீர்கள். ஹாங்காங்கில் சிங் லீயும் சகாக்களும் 70 நோயாளிகளைப் பற்றி 1993இல் வெளியிட்ட ஆய்வில், பாதிப்பேருக்கு மேல் அந்தப் பயம் இருந்ததாகவே தெரியவில்லை. வயிறு உப்புசம், பசியில்லை என்றுதான் சொன்னார்கள். நம் தெருக்களிலும் ‘செரிக்கல, நெஞ்சுல நிக்குது’ என்றே சொல்வார்கள். அல்சர் மாத்திரையோடு பல மாதம் ஓடிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான, 2022 முதல் நடைமுறையில் உள்ள ஐசிடி-11, அந்தப் பயத்தை வாயால் சொல்லியே ஆக வேண்டும் என்று கேட்பதில்லை. எடை ஏறவிடாமல் தடுக்கும் நடத்தையையும், தன் மெலிவை அவர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதையும் பார்க்கிறது. மாதவிடாய் நின்றிருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடான டிஎஸ்எம்-5 2013லேயே கைவிட்டுவிட்டது.

அளந்துவிட்டுப் பேசுங்கள். செருப்பைக் கழற்றச் சொல்லி உயரமும் எடையும் எடுங்கள். 155 செ.மீ. உயரம், 40 கிலோ என்றால், 40ஐ 1.55 × 1.55ஆல் வகுக்க பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் எண்) சுமார் 16.6 வரும். பெரியவர்களுக்கு 18.5க்குக் கீழே குறைந்த எடை, 14க்குக் கீழே ஆபத்தான எடை. பிள்ளைகளுக்கு இந்த எண் பொருந்தாது. வயதுக்கேற்ற அட்டவணையில் 5ஆம் சதமானத்துக்குக் கீழே, அதாவது நூறு பேரில் மிக மெலிந்த ஐந்து பேருக்குள், இருக்கிறார்களா என்று பாருங்கள். எடை வேகமாக இறங்கியிருந்தால், அதாவது ஆறு மாதத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போயிருந்தால், பிஎம்ஐ இன்னும் 18.5க்குக் கீழே இறங்காவிட்டாலும் அதைக் கணக்கில் எடுங்கள்.

மெலிவு மட்டுமே இந்த நோய் ஆகிவிடாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல் இருந்தால் முதலில் காசநோய்க்கான சளிப் பரிசோதனை. சர்க்கரையும் தைராய்டும் பார்த்தாக வேண்டும். அடுத்தது, வீட்டில் அரிசி இருக்கிறதா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அப்போது மீனவர் வீட்டில் எல்லோர் தட்டிலும் சோறு குறையலாம். அது வறுமை. மற்றவர்கள் சாப்பிட, ஒரு பெண் மட்டும் தன் பங்கைத் தம்பி தட்டில் தள்ளினால் அங்கே உட்கார்ந்து விசாரியுங்கள். நோன்பும் அப்படித்தான். ஆடி விரதம், ரமலான், தவக்காலம் எதுவானாலும் முடிந்ததும் வீட்டோடு சேர்ந்து நன்றாகச் சாப்பிடுவார்கள். விரதம் முடிந்தும் அவருக்கு மட்டும் முடியவில்லை என்றால் குறித்துக்கொள்ளுங்கள்.

‘ஒழுங்கா சாப்பிடுறியாம்மா?’ என்று கேட்டால் ‘சாப்பிடுறேங்க்கா’ என்று பதில் வந்துவிடும். ‘நேத்து எழுந்ததுலேருந்து படுக்கிற வரைக்கும் என்னென்ன சாப்பிட்டே?’ என்று கேளுங்கள். ஒற்றை அறை வீட்டில் அம்மா பக்கத்திலேயே இருப்பார். மொட்டை மாடிக்கோ வாசலுக்கோ தனியாக அழைத்துப் போய்க் கேளுங்கள். ‘சரியாகச் சாப்பிடுவதில்லை’ என்று எழுதினால் மருத்துவருக்கு எதுவும் புரியாது. ‘காலை 9: இட்லி 1. மதியம் இல்லை. இரவு ரசம் அரை டம்ளர்’ என்று எழுதுங்கள். நோய்க்குப் பெயர் சூட்டுவது மருத்துவர் வேலை. உங்கள் குறிப்பு சரியாக இருந்தால்தான் அந்தப் பெயரும் சரியாக அமையும்.

எடை சரியாக இருப்பவரைத் தவறவிடுவதுதான் அதிகம். அளவில்லாமல் சாப்பிட்டுவிட்டுத் தானே வாந்தி எடுப்பது புலிமியா; வாரம் ஒரு முறை, ஒரு மாதம் தொடர்ந்தாலே ஐசிடி-11 கணக்கில் எடுக்கிறது; டிஎஸ்எம்-5 மூன்று மாதம் கேட்கிறது. விரல் முட்டியில் தழும்பு, காதுக்குக் கீழே வீக்கம், சாப்பிட்ட கையோடு பொதுக் கழிப்பறைக்குப் போவது எல்லாம் தடயங்கள். அடிக்கடி வாந்தி எடுத்தால் பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பே தடுமாறும். பல்பம், சாம்பல், பச்சரிசி தின்பவர்களை, முக்கியமாகக் கர்ப்பிணிகளை, திட்டாமல் ஹீமோகுளோபின் பார்க்க அனுப்புங்கள். பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு கூடவே இருக்கும்.

ஆபத்தை வீட்டிலேயே சோதிக்கலாம். தரையில் குந்த வைத்து, கை ஊன்றாமல் எழச் சொல்லுங்கள். தொடையைப் பிடித்துக்கொண்டோ சுவரைப் பற்றியோதான் எழ முடிகிறது என்றால் தசை கரைந்திருக்கிறது. ஒரு முழு நிமிடம் நாடி எண்ணுங்கள். 40க்குக் கீழே நாடி, மயக்கம், பிஎம்ஐ 14க்குக் கீழே, பத்து நாளுக்கு மேல் ஏறக்குறைய எதுவும் சாப்பிடாதது: இதில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனை, மயக்கமென்றால் 108. பாசத்தில் அன்றைக்கே வயிறு நிறைய ஊட்டவும் கூடாது, தெருமுனை கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றவும் கூடாது. பட்டினி கிடந்த உடலில் மாவுச்சத்து திடீரென்று ஏறினால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயம் நிற்கலாம். தயாமின் (வைட்டமின் பி1) கொடுத்து, ரத்தம் பார்த்துக்கொண்டே, கொஞ்சம் கொஞ்சமாக உணவைக் கூட்டுவது மருத்துவமனை வேலை.

உடல் தளர்ந்திருந்தால் ஸ்டான்லி மருத்துவமனை. மனநலப் பிரிவும் அங்கேயே இருக்கிறது. உடல் நிலையாக இருந்தால் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம். போகத் தயங்குபவர்களுக்கு அரசின் மனநல உதவி எண்ணான 14416ஐக் கொடுங்கள்; தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

மருந்துக்கடையில் வாங்கும் பசி டானிக் அனோரெக்ஸியாவைத் தீர்க்காது; அதற்கென்று தனி மாத்திரையும் இல்லை. புலிமியாவுக்கு மருத்துவர் ஃப்ளூக்செட்டின் என்ற மனச்சோர்வு மாத்திரையை எழுதலாம். வளரிளம் பருவத்தினருக்குப் பலன் தருவது, சாப்பாட்டுப் பொறுப்பைக் கொஞ்ச காலம் பெற்றோரே எடுத்துக்கொள்வது. மூன்று வேளை, நடுவில் சுண்டலோ பாலோ. ஒருவர் கூடவே உட்கார்ந்து சாப்பிட்டு, அதன்பின் ஒரு மணி நேரம் பேச்சுத்துணையாக இருக்கட்டும். ‘எலும்புக்கூடு’ என்று சொல்லவும் வேண்டாம், ‘இப்பதான் சதை வெச்சிருக்கு’ என்று பாராட்டவும் வேண்டாம். இரண்டுமே தட்டை ஒதுக்க வைக்கும். வாரம் ஒரு முறை, ஒரே மெஷினில், காலையில் சிறுநீர் கழித்த பிறகு எடை பாருங்கள். வாரம் அரை கிலோ ஏறினால் போதும். ஒரே வாரத்தில் இரண்டு கிலோ ஏறினால் எடை பார்க்குமுன் தண்ணீர் குடித்தாரா, கால் வீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். வீக்கம் இருந்தால் அன்றே மருத்துவரிடம் அனுப்புங்கள்.