ரெக்டிஃபையரை இடம் மாற்ற ஒரு பிராக்கெட்

பைக்கின் சீட்டுக்கு அடியிலோ பக்க மூடிக்குள்ளோ காற்றுப் படாமல் கிடக்கும் ரெகுலேட்டர் ரெக்டிஃபையர் (இன்ஜின் காயில் தரும் கரண்டை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றி, வோல்டேஜைக் கட்டுக்குள் வைக்கும் யூனிட்) சூட்டில்தான் சாகிறது. பல வண்டிகளில் இருப்பது ஷண்ட் வகை. காயில் தரும் கூடுதல் கரண்டை அது ஷார்ட் செய்து சமாளிக்கும்போது யூனிட் கொதிக்கும். ஹெட்லைட்டுக்குக் கீழே, டவுன் ட்யூபின் (ஃப்ரேமின் முன்பக்கம் கீழிறங்கும் குழாய்) முன்புறம் ஒரு பிராக்கெட்டில் மாட்டினால் ஓடும் காற்றே குளிரவைக்கும். சைலன்சர் பெண்டுக்குப் பக்கத்தில் வேண்டாம்.

முதலில் பிராக்கெட்டை அட்டையில் வெட்டி, யூனிட்டோடு சேர்த்து இடத்தில் கட்டிப் பாருங்கள். ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்க ஒடிக்க வேண்டும். முன் ஃபோர்க் முழுசாக அமுங்கினால் மட்கார்டு எங்கே வரும் என்பதையும் பார்க்க வேண்டும். நின்ற வண்டியில் தாராளமாகத் தெரியும் இடைவெளி பெரிய பள்ளத்தில் காணாமல் போகும். குறைந்தது 15 மி.மீ. மிச்சம் இருக்கட்டும். யூனிட்டின் இறகுகள் (சூட்டை வெளியேற்றும் மெல்லிய வரிசைப் பட்டைகள்) காற்று ஓடும் வாக்கில் நிற்க வேண்டும்.

தகடு 3 மி.மீ. அலுமினியம். சூட்டை இழுப்பதில் இரும்பு இதற்கு ஈடாகாது. ஆனால் எல்லா அலுமினியமும் வளையாது: 5052 ரகம் வளையும், 6061-டி6 ரகம் வளைவில் வெடிக்கும். பழைய இரும்புக் கடைத் தகட்டில் எந்த ரகம் என்று எழுதியிருக்காது. ஓரத்தில் ஒரு பட்டை வெட்டி 90 டிகிரி வளைத்து, வெளிப்பக்கம் கீறல் விடுகிறதா என்று பார்த்தால் போதும்.

வளைவின் உள் ஆரம் 3 மி.மீ. இருக்கட்டும். வைஸின் கூர்விளிம்பில் நேரடியாக மடக்காதீர்கள். விளிம்பை அரத்தால் உருட்டிய இரும்புப் பட்டையை அணைத்து மடக்குங்கள். அளவு இப்படி: எல் வடிவத்தின் இரு பக்கமும் வெளி அளவில் 60-ம் 40-ம் வேண்டுமென்றால் 100 மி.மீ. வெட்டக்கூடாது. ஒரு வளைவுக்கு ஏறக்குறைய 5.4 மி.மீ. கழித்து 94.6 வெட்ட வேண்டும். வளைவுக் கோட்டைப் பென்சிலால் போடுங்கள், கீறும் ஊசியால் அல்ல. அந்தக் கீறலில்தான் பின்னாளில் விரிசல் ஆரம்பிக்கும்.

துளைக்கு சென்டர் பஞ்ச் அடித்து, 3 மி.மீ. பிட்டில் தொடங்கி 6.5 மி.மீ.-க்கு விரித்தால் எம்6 போல்ட்டுக்குச் சரி. துளையின் மையம் ஓரத்திலிருந்து 12 மி.மீ. தள்ளியிருக்கட்டும்; வளைவுக்கு 10 மி.மீ.-க்குள் துளை வேண்டாம், வளைக்கும்போது அது முட்டை வடிவமாகிவிடும். யூனிட்டுக்கான இரண்டு துளைகளில் ஒன்றை மட்டும் நீள்துளையாக அராவினால் சின்ன அளவுப் பிசகு மறைந்துவிடும். பிசிறு எடுத்து, உள்மூலைகளை எல்லாம் உருட்டிவிடுங்கள்.

ஃப்ரேமில் துளை போடுவதும் வெல்டு வைப்பதும் கூடவே கூடாது. டவுன் ட்யூப் விட்டத்தை வெர்னியரில் அளந்து அதற்கேற்ற க்ளாம்ப் இரண்டு வாங்குங்கள். ஒன்று மட்டும் போட்டால் பிராக்கெட் ட்யூபைச் சுற்றித் திரும்பிவிடும். இரண்டுக்கும் நடுவே 60 மி.மீ. இருந்தால் நல்லது. க்ளாம்புக்குள் பழைய சைக்கிள் ட்யூப் ரப்பர் துண்டு வைத்தால் பெயிண்ட் தப்பும். யூனிட்டை ட்யூபிலிருந்து எவ்வளவு தள்ளி நிறுத்துகிறீர்களோ அவ்வளவு ஆட்டம்; ஒற்றை சிலிண்டர் வண்டிகளில் பிராக்கெட் உடைவதற்குப் பெரும்பாலும் காரணம் மெல்லிய தகடு அல்ல, இந்த நீட்டம்தான்.

யூனிட் உட்காரும் பரப்பில் பெயிண்ட் அடிக்காமல் ஹீட் சிங்க் பேஸ்ட் (சூட்டைக் கடத்தும் பசை) மெல்லியதாகத் தடவுங்கள். நைலாக் நட் (அதிர்வில் கழலாதபடி உள்ளே நைலான் வளையம் உள்ளது), இரு பக்கமும் வாஷர், 10 நியூட்டன் மீட்டர் முறுக்கு.

இனி ஒயரிங். சில யூனிட்களுக்கு எர்த் (பேட்டரி நெகட்டிவோடு சேரும் இணைப்பு) அதன் உடம்பு வழியேதான் கிடைக்கிறது. ரப்பர் வைத்த க்ளாம்ப் அதைத் துண்டித்துவிடும்; பிறகு சார்ஜிங் தாறுமாறாகும், ஆளுக்கோ யூனிட் மேல் சந்தேகம். யூனிட் போல்ட்டிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்குத் தனி ஒயர் இழுத்துவிடுங்கள். நீட்டும் ஒயர் 2.5 சதுர மி.மீ.-க்குக் குறையாமல், ஹேண்டில் திரும்பினால் இழுபடாத அளவு தளர்வோடு இருக்கட்டும்.

மாட்டியபின் மீட்டரை பேட்டரி முனைகளில் வைத்து இன்ஜினை 4000–5000 ஆர்பிஎம்முக்கு ஏற்றுங்கள். 12 வோல்ட் வண்டியில் பொதுவாக 13.8-லிருந்து 14.5 வரை காட்ட வேண்டும். 15-ஐத் தாண்டினால் முதலில் எர்த்தைப் பாருங்கள். 100 கி.மீ. ஓடியபின் போல்ட்களை மறுபடி முறுக்கி, வளைவின் வெளிப்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். முடிபோல ஒரு கோடு தெரிந்தாலும் அந்தத் தகட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, யூனிட்டை ட்யூபுக்கு இன்னும் நெருக்கி வேறொன்று வெட்ட வேண்டியதுதான்.