சூடானால் மக்கர் செய்யும் வண்டி

காலையில் முதல் கிக்கிலேயே பிடித்துக்கொள்ளும். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு எங்காவது நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து வந்து உதைத்தால் அசையாது. வேர்த்து விறுவிறுத்து ஓரமாக உட்கார்ந்து, நாற்பது நிமிடம் கழித்து உதைத்தால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். என் பழைய 125 சிசி கார்புரேட்டர் வண்டி நான்கு மாதம் என்னை இப்படித்தான் படுத்தியது. மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்தினால் அதற்குள் ஆறிப்போய் நல்ல பிள்ளையாகிவிடும். "நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். பிளக்கை மாற்றினார்கள், கார்புரேட்டரைக் கழுவினார்கள், பேட்டரிகூட புதிதாகப் போட்டாயிற்று. அடுத்த வாரம் மறுபடியும் அதே கதை.

சூட்டில் மட்டும் வருகிற கோளாறைச் சூட்டிலேயே பார்த்தால்தான் உண்டு. ஆறிய வண்டியைச் சோதிப்பது, காய்ச்சல் விட்ட பிறகு தெர்மாமீட்டர் வைப்பது மாதிரி. அதனால் ஸ்டார்ட் ஆகாத முதல் ஐந்து நிமிடத்தை வெறும் உதையில் வீணாக்காதீர்கள். சீட்டுக்கு அடியில் ஒரு பிளக் ஸ்பேனர், வேலை செய்யும் ஒரு பழைய பிளக், தடித்த துணி, சின்ன மல்டிமீட்டர் இருந்தால் போதும்.

கில் ஸ்விட்ச், சைடு ஸ்டாண்ட், டேங்கில் பெட்ரோல் ஆகிய மூன்றையும் முதலில் பார்த்துவிடுங்கள். நான் ஒருமுறை கில் ஸ்விட்சை அணைத்து வைத்துக்கொண்டு கால் மணி நேரம் உதைத்திருக்கிறேன்.

அப்புறம் காதைத் தீட்டுங்கள். செல்ஃப் சுற்றவே இல்லையா, அல்லது நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லையா? இரண்டும் வேறு வேறு நோய். ரிலே மட்டும் டிக் டிக் என்று அடித்தால் பேட்டரிப் பக்கம் போங்கள். டெர்மினல் ஸ்க்ரூ லூசாக இருக்கிறதா என்று பாருங்கள். நிறுத்தி வைத்த வண்டியில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். செல்ஃப் சுற்றும்போது 9.5-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி சோர்ந்துவிட்டது. ஓடும் எஞ்சினில் ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் சார்ஜ் ஆகவில்லை என்று அர்த்தம், புதுப் பேட்டரி போட்டாலும் அதுவும் சில நாளில் படுத்துவிடும்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது அல்லது கிக்கர் சரியாக இறங்குகிறது, ஆனாலும் பிடிக்கவில்லை என்றால், அடுத்து கரண்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பலரும் எஞ்சினில் இருக்கும் பிளக்கைக் கழற்றி அதிலேயே சோதிப்பார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. திறந்த துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும், பக்கத்திலேயே பொறி அடித்தால் குப்பென்று பற்றும். எஞ்சின் பிளக்கை அப்படியே விட்டுவிட்டு, அதன் தலையில் ஒயரோடு மாட்டியிருக்கும் கேப்பை மட்டும் உருவி, கையிலிருக்கும் பழைய பிளக்கில் மாட்டுங்கள். பிளக்கின் இரும்பு உடம்பு சிலிண்டர் ஹெட்டில் அழுந்தித் தொட வேண்டும். தொடாவிட்டால், பொறி அடிக்க வைக்கும் மின்னணுப் பெட்டியான சிடிஐ கெட்டுப்போகலாம். கேப்பைத் துணியால் பிடியுங்கள், வெறுங்கையால் வேண்டாம். உதைத்தால் நீலப் பொறி 'டிக்'கென்று அடிக்க வேண்டும். வெயிலில் தெரியாது, உடம்பால் நிழல் கட்டிப் பாருங்கள்.

நான்கு மாதம் கழித்து நான் இதைச் செய்து பார்த்த அன்று பொறியே இல்லை. அரை மணி கழித்து அதே பிளக்கில் பளிச்சென்று வந்தது. பெட்ரோல், கார்புரேட்டர் எல்லாம் அந்த ஒரு சோதனையில் சந்தேகப் பட்டியலிலிருந்து வெளியே போய்விட்டன.

பொறி இல்லையென்றால் பிளக் கேப், ஒயர், இக்னிஷன் காயில், பல்சர் காயில், சிடிஐ இவற்றில் ஒன்று. எனக்கு மாட்டியது பல்சர் காயில். எஞ்சினோடு சுற்றும் மேக்னெட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, எந்த நேரத்தில் பொறி அடிக்க வேண்டும் என்று சிடிஐக்குச் சொல்லும் சின்ன காயில் அது. உள்ளே முடி போன்ற செம்புக் கம்பி. அதில் ஒரு கீறல் விழுந்தால், சூட்டில் விரிந்து தொடர்பு அறுந்துபோகும். ஆறினால் இரண்டு முனையும் மறுபடி ஒட்டிக்கொள்ளும். கவரைக் கழற்றாமலே சோதிக்கலாம். அதன் ஒயர் மேலே வந்து சேரும் கனெக்டரைப் பிரித்து, மீட்டரை ஓமில் வைத்து அளந்தால் போதும். என் வண்டியில் காலையில் 200 ஓம் சொச்சம் காட்டியது. சூட்டில், நின்றுபோன கணத்தில் அளந்தால் மீட்டர் ஒன்றுமே காட்டவில்லை, கம்பி அறுந்த கணக்கு. சூட்டில் அளவு கொஞ்சம் ஏறுவது சகஜம்தான். செம்பில் பத்து டிகிரிக்குச் சுமார் 4 சதவீதம் ஏறும், அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். சரியான அளவு உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும்.

பொறி நன்றாக வந்தால் எஞ்சின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், சூடு ஜாக்கிரதை. காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. டேங்க் மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கிறதா? அப்படியானால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் இறங்காமல் நிற்கும். சில வண்டிகளில் நிறுத்திய பிறகு எஞ்சின் சூடு ஏறி, கார்புரேட்டர் கிண்ணத்திலுள்ள பெட்ரோலே ஆவியாகிவிடும். ஈரத் துணியைக் கார்புரேட்டர் மேல் போர்த்திச் சற்றுப் பொறுத்தால் ஸ்டார்ட் ஆகிறதா என்று பாருங்கள். இன்ஜெக்ஷன் வண்டி என்றால் சாவியைத் திருப்பியதும் இரண்டு மூன்று விநாடி பம்ப் முனகும். முனகல் இல்லையென்றால் பம்ப், ஃபியூஸ், ரிலே பக்கம் தேடுங்கள்.

பிளக் ஈரமாக, பெட்ரோல் வாடையோடு இருந்தால் ஓவர்ஃப்ளோ, அதாவது எஞ்சினுக்குள் பெட்ரோல் அதிகமாகிவிட்டது. சூடான எஞ்சினுக்கு சோக் இழுப்பது பலருக்கும் பழக்கம், அதுவே காரணமாக இருக்கலாம். இழுத்த சோக்கை விடுவித்து, பெட்ரோல் டேப்பை அடைத்து, ஆக்ஸிலேட்டரை முழுக்க முறுக்கிப் பிடித்தபடி ஏழெட்டு முறை உதையுங்கள். அடிக்கடி இப்படியானால், கார்புரேட்டர் கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை நிறுத்தும் ஃப்ளோட் ஊசி சரியாக அடைக்கவில்லை.

பொறியும் இருக்கிறது, பெட்ரோலும் இருக்கிறது, ஆனால் சூட்டில் கிக்கர் வழக்கத்தைவிட லேசாக இறங்குகிறது என்றால் டேப்பட் டைட்டாகியிருக்கலாம், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய சின்ன இடைவெளி குறைந்திருக்கலாம். வால்வு தன் இருக்கையில் தேய்ந்து உள்ளே போகப் போக இடைவெளி குறையும். சூட்டில் தண்டு நீளும்போது வால்வு முழுக்க மூடாது, கம்ப்ரெஷன் கசிந்துவிடும். டேப்பட் சத்தம் கேட்டால் எல்லோரும் பதறுவார்கள். என்னைக் கேட்டால் சத்தமே இல்லாத டேப்பட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, புத்தகத்தில் போட்டிருக்கும் இடைவெளிக்கு ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய தகடுகளை வைத்து அளக்க வேண்டும். சூட்டில் சோதிக்கக் கூடாத ஒரே விஷயம் இதுதான்.

என் பல்சர் காயிலை மாற்றிய மெக்கானிக், பழையதைக் கையில் எடுத்து மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, "இது நல்லாத்தானே இருக்கு" என்றார். வீட்டுக்கு எடுத்து வந்து ஹேர் டிரையரைக் காட்டினேன். அளவு மெல்ல ஏறி, திடீரென்று காணாமல் போனது. டிரையரை அணைத்துக் காத்திருந்தேன், 200 திரும்ப வந்தது.