பழைய காரில் புது எஞ்சின்: முதலில் வயரைப் பாருங்கள்

எஞ்சினை மட்டும் தனியாக வாங்காதீர்கள். ஓடும் நிலையில் முழு வண்டியாகக் கிடைத்தால் இசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி), வயரிங், பெடல், சாவி எல்லாம் ஒரே ஜோடியாக வரும். சாவி இல்லாத இசியூவை நான் தொடவே மாட்டேன். சாவியைச் சரிபார்க்கும் திருட்டுத் தடுப்பான இம்மொபிலைசர் வண்டியை ஓடவிடாது.

எஞ்சினைத் தாங்கும் மவுன்ட்டை வெல்டிங் செய்யும் முன் எஞ்சினைக் கியர்பாக்ஸோடு இறக்கி, அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப் இடிக்கிறதா, பானெட் மூடுகிறதா என்று பாருங்கள். அது சுலபம்.

எரிபொருள் அப்படியல்ல. பழைய எஞ்சினின் கார்புரேட்டருக்கு 0.3 பார் அழுத்தமே போதும்; புது எஞ்சினில் எரிபொருளைப் பீய்ச்சும் போர்ட் இன்ஜெக்ஷனுக்குச் சுமார் 3 பார் வேண்டும். பழைய ரப்பர் குழாயை நம்பவே கூடாது. எரிபொருள் பம்ப்பை இயக்கும் ரிலேயை (மின் சுவிட்சை) இசியூவிடமே விடுங்கள். எஞ்சின் நின்றால் பம்ப்பும் நிற்க வேண்டும். நேரடி சுவிட்ச் வைப்பவர்களும் உண்டு, எனக்கு அது பிடிக்காது.

அப்புறம் மின்சாரம். ஸ்பார்க்குக்கான பழைய இக்னிஷன் காயிலின் வயரில் பல கார்களில் ரெசிஸ்டர் (மின்தடை) இருக்கும். அதிலிருந்து இசியூவுக்கு எடுத்தால் முழு 12 வோல்ட் வராது. வேறு இக்னிஷன் வயரை எடுத்து, ஸ்டார்ட்டர் சுற்றும்போதும் அதில் கரண்ட் இருக்கிறதா என்று மீட்டரில் பாருங்கள். எஞ்சினுக்கும் பாடிக்கும் தடிமனான எர்த் போடுங்கள்.

ஸ்டார்ட் ஆகவில்லையா? இசியூவைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டி, ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். ஆர்பிஎம் பூஜ்யம் என்றால் முதல் சந்தேகம் எஞ்சின் சுழல்வதை உணரும் கிராங்க் சென்சார் மீதுதான்.