பப்புவா நியூ கினியின் மலையூருக்கு வேலைக்குச் செல்வோர் செய்துகொள்ள வேண்டிய ஏற்பாடுகள்

பாளையங்கோட்டையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் ஆசிரியர் பயிற்சியோ செவிலியர் படிப்போ முடித்தவர்களுக்கு, திருச்சபைகள் வழியாகவோ முகவர்கள் வழியாகவோ, பப்புவா நியூ கினியின் மலைநாட்டில் வேலை கிடைக்கும் வாய்ப்பு வரக்கூடும். அப்படி ஓர் அழைப்பு வந்தவுடன் வீட்டில் எல்லாரும் கேட்பது சம்பளம் எவ்வளவு என்பதைத்தான். கேட்க வேண்டியதுதான். ஆனால், அந்த மலையூரில் ஒருவர் நிம்மதியாக இருப்பதும் உருப்படியாக வேலை செய்வதும், யாருடைய நிலத்தில் குடியிருக்கிறார், அந்நிலத்துக்குரிய குலத்தார் அவரை எப்படி ஏற்றுக்கொள்கிறார்கள் என்பவற்றைப் பொறுத்தே அமைகின்றன. ஏற்பாடுகள் அனைத்தையும் இதை மனத்தில் வைத்தே செய்ய வேண்டும்.

முதலில் இடத்தைச் சரியாக அறிந்துகொள்ளுங்கள். நியூ கினித் தீவின் மேற்குப் பாதி இந்தோனேசியாவைச் சேர்ந்தது. கிழக்குப் பாதியும் அதைச் சார்ந்த தீவுகளும் 1975 செப்டம்பர் 16 அன்று விடுதலை பெற்ற பப்புவா நியூ கினி என்னும் நாடு. எண்ணூறுக்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கும் அந்நாட்டில் பொதுப் பேச்சுக்கு உதவுவது டோக் பிசின். புறப்படும் முன்பே அதில் நலம் விசாரிக்கவும் விலை கேட்கவும் பழகிக்கொள்வது நல்லது. மலைநாட்டின் பெரிய நகரமான மவுண்ட் ஹேகன் ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் அகத்தியர் மலையின் உச்சியே 1,868 மீட்டர்தான் என்பதை எண்ணிப் பார்த்தால், அங்கே மக்கள் வீடு கட்டி, வேளாண்மை செய்து வாழும் உயரம் எத்தகையது என்பது விளங்கும்.

தலைநகரமான போர்ட் மோர்ஸ்பியிலிருந்து மலைநாட்டுக்குச் சாலை கிடையாது. கடற்கரை நகரமான லேயிலிருந்து கொரோக்கா, மவுண்ட் ஹேகன் வழியாக ஒரே ஒரு நெடுஞ்சாலைதான் மேலே ஏறுகிறது. அதுவும் மழையில் சரிந்து அடைபடுவதுண்டு. அதையும் விட்டு விலகிய ஊர்களுக்குச் சிறு விமானமே வழி. அவை இறங்குவது பெரும்பாலும் மலைச்சரிவில் வெட்டிய புல் ஓடுதளத்தில். பயணியையும் பெட்டியையும் சேர்த்து எடை போட்டுத்தான் ஏற்றுவார்கள். பிற்பகலில் மேகம் மூடிவிடும் என்பதால் காலையில் புறப்படாவிட்டால் அன்றைய பயணம் பெரும்பாலும் இல்லை. காரையாறு அணைக்கு அப்பால் இஞ்சிக்குழிக் காணி மக்களைப் பார்க்கப் படகிலும் நடையிலும் சென்று வந்தவர்களுக்கு இந்தத் தனிமை ஓரளவு புரியும். ஆகையால், வேலை தருபவரிடம் நான்கு செய்திகளை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்: ஊர் எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சாலையா விமானமா, விமானம் எத்தனை நாளுக்கு ஒரு முறை வரும், அவசர நோய்க்கு விமானச் செலவு யாருடையது. நான்காவதற்குத் தெளிவான பதில் வரவில்லையெனில் அந்த வேலையை ஏற்க வேண்டாம் என்பதே என் கருத்து.

வேலை அனுமதி கைக்கு வந்து, அதன்பேரில் விசா பெற்ற பின்னரே பயணச்சீட்டு வாங்குங்கள். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லும் முகவரை நம்ப வேண்டாம். சம்பளம் அந்நாட்டு நாணயமான கினாவில் வரும். அந்நாட்டில் பல ஆண்டுகளாக அன்னியச் செலாவணித் தட்டுப்பாடு இருந்து வருவதால், வங்கி வழியாகப் பணம் வந்து சேரத் தாமதமாகலாம். ஊரில் மாதந்தோறும் கட்ட வேண்டிய கடன் தவணை இருந்தால் சில மாதத் தவணைத் தொகையை முன்னதாகவே ஒதுக்கி வைத்துவிட்டுப் புறப்படுங்கள். போர்ட் மோர்ஸ்பியில் இந்தியத் தூதரகம் உண்டு. இறங்கியவுடன் பெயரைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

பெட்டியில் கம்பளி ஆடைக்கும் மழைக்காலணிக்கும் முதலிடம் கொடுங்கள். திருநெல்வேலி வெயிலில் வளர்ந்த உடம்புக்கு அந்த இரவுக் குளிர் பழகச் சில வாரங்கள் ஆகும். 2,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 பாகையிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் பருப்பு எளிதில் வேகாது. ஒரு சிறு குக்கர் கட்டாயம் வேண்டும். இட்லி மாவு புளிக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கறிவேப்பிலைக் கன்றையும் விதைகளையும் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே பறிகொடுக்க நேரும். மின்செருகி ஆஸ்திரேலிய வகையைச் சேர்ந்தது. மலேரியா தாழ்நிலத்தில்தான் கடுமை, ஆயினும் வழியில் தாழ்நிலத்தைக் கடக்க வேண்டியிருப்பதால் மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். காசநோய் அங்கே மிகுதி என்பதால், விடாத இருமலைச் சளி என்று எண்ணித் தள்ளிப்போடாதீர்கள்.

இனி நிலத்துக்கு வருவோம். அந்நாட்டு நிலத்தில் ஏறத்தாழ 97 விழுக்காடு குலங்களின் வழிவழி உரிமையில் இருக்கிறது. பட்டா, கிரயம் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. பள்ளியும் மருந்தகமும்கூட ஏதோ ஒரு குலம் விட்டுக்கொடுத்த மண்ணில் நிற்பவையே. எனவே, போய்ச் சேர்ந்த முதல் வாரத்தில் தலைமையாசிரியருடனோ போதகருடனோ சென்று அந்நிலத்துக்குரிய பெரியவர்களைச் சந்தித்து, எந்த ஊற்றில் தண்ணீர் எடுக்கலாம், எந்தப் பாதையில் நடக்கலாம், விறகு எங்கிருந்து வரும் என்று கேட்டு, அவர்கள் சொல்கிறபடி நடந்துகொள்ளுங்கள். வேலிக்கு வெளியே நிற்கும் ஒரு மரமும் பொதுச்சொத்து அன்று. ஒரே மொழிக்காரரும் உறவினரும் ஒருவரையொருவர் தாங்கும் வான்டோக் முறை அம்மக்களின் வங்கியாகவும் காப்பீடாகவும் இருக்கிறது. சொந்தக்காரருக்குச் சீர் செய்தும் மொய் எழுதியும் பழகிய நமக்கு அது விளங்காததன்று. ஆனால், அதற்குள் அரைகுறையாக நுழைவது தொல்லை. தனி ஆளுக்குக் கடன் கொடுப்பதைத் தவிர்த்து, சாவுக்கும் திருமணத்துக்கும் ஊரோடு சேர்ந்து பொதுவில் கொடுப்பதே நல்லது. வண்டியில் ஒரு பன்றி அடிபட்டால் அது ஈடு கொடுத்துத் தீர்க்க வேண்டிய வழக்கு. பெரியவர்கள் முன்னிலையில் பேசித் தீருங்கள்.

உணவைப் பொறுத்தவரை, சீனிக்கிழங்கு பிடித்தவர்களுக்குக் கவலையில்லை, ஏனெனில் மலைநாட்டின் சோறே அதுதான். அமெரிக்கக் கண்டங்களில் தோன்றிய அக்கிழங்கு சில நூற்றாண்டுகளுக்கு முன்பு அங்கே வந்து சேர்ந்தது. சேம்பு சரியாக விளையாத உயரத்திலும் விளைந்ததால் மக்களும் பன்றிகளும் மேலே மேலே குடியேற முடிந்தது. எங்கா மாகாணத்துத் தோட்டங்களில், வட்டமாக மண்ணை ஒதுக்கி, நடுவில் புல்லையும் பழைய கொடியையும் திணித்து, அதன்மேல் மண்ணைக் குவித்து இடுப்புயர மேடாக்கி, மேட்டைச் சுற்றிக் கொடித்துண்டுகளை ஊன்றுகிறார்கள். உள்ளே மக்கும் தழை மண்ணுக்கு உரமாவதோடு, குளிர்ந்த காற்றைப் பள்ளத்துக்கு வழியவிடும் மேட்டின் அமைப்பும் உறைபனியிலிருந்து கொடியைக் காக்கிறது. மவுண்ட் ஹேகனுக்கு அருகில் குக் என்னுமிடத்தில் குறைந்தது 7,000 ஆண்டுப் பழமையான வேளாண்மைத் தடங்கள் கண்டறியப்பட்டு, 2008-இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. இவர்களுக்கு விவசாயம் கற்றுக்கொடுக்கப் போகிறோம் என்ற எண்ணத்தைத் தாமிரபரணிக் கரையிலேயே விட்டுவிட்டுப் போவது நல்லது.

உங்கள் ஊர் 2,200 மீட்டருக்கு மேல் என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடேறி மழை பொய்க்கும் எல் நினோ ஆண்டுகளான 1997-இலும் 2015-இலும் வறட்சியோடு உறைபனியும் விழுந்து கொடிகள் கருகின. மறுநடவுக்குக் கொடித்துண்டும் இல்லாமல் பலர் தாழ்வான ஊர்களிலிருந்த உறவினரிடம் போய்த் தங்கினர். அத்தகைய ஆண்டில் அரிசி, டின் மீன் ஆகியவற்றைக் கூடுதலாக வாங்கி வையுங்கள். விருந்தில் குழி தோண்டிச் சூடான கற்களுக்கிடையே பன்றியிறைச்சியையும் கிழங்கையும் ஒன்றாக வேகவைப்பார்கள். இறைச்சி உண்ணாதவர் அதை முதல் நாளிலேயே சொல்லிவிட வேண்டும். பரிமாறிய பின் மறுப்பது மனவருத்தம் தரும். உண்பவர்கள் சூடாக இருக்கும்போதே உண்ணுங்கள். ஆறிப்போன இறைச்சியை மறுநாளுக்கு எடுத்து வைக்க வேண்டாம்.

ஊரின் எதிர்காலம் பெரும்பாலும் காப்பியையே நம்பியிருக்கிறது. சிறு தோட்டக்காரர்கள் அரபிகா பழத்தைப் பறித்து, கையால் சுற்றும் பல்ப்பர் என்னும் பொறியில் தோல் நீக்கி, ஊறவைத்துக் கழுவி, தார்ப்பாயில் உலர்த்தி, உள்தோல் நீங்காத கொட்டையான பார்ச்மென்டாக விற்கிறார்கள். சாலையோர ஊரில் வியாபாரியே வீட்டு வாசலுக்கு வருவார். விமானத்தில் மூட்டை ஏற்றும் ஊரில் கிடைக்கும் விலையில் கணிசமான பங்கை வாடகையே தின்றுவிடும். இங்கே வெளியூர் ஆசிரியர் செய்யக்கூடிய பேருதவி தராசு பார்க்கக் கற்பிப்பது. ஐந்து கிலோ அரிசிப் பையை வியாபாரியின் தராசில் வைத்துக் காட்டினால், கணக்குப் பாடமும் முடிந்துவிடும், எடையும் சரியாகிவிடும். படிப்பில் முன்னேற விரும்பும் பிள்ளை நகரத்து விடுதிப் பள்ளிக்குப் போக வேண்டியிருப்பதால், அறுவடைப் பணம் கையில் இருக்கும்போதே அடுத்த ஆண்டுச் செலவைத் தனியாக எடுத்து வைக்கப் பெற்றோரிடம் சொல்லுங்கள். இதை வகுப்பறையில் சொல்வதைவிடச் சந்தையில், தாய்மார்களிடம் சொன்னால் நடக்கும்.

குலச்சண்டை மூண்டால் எந்தப் பக்கத்தைப் பற்றியும் வாய் திறவாதீர்கள். காயம்பட்டவருக்கு மருந்திடுவது மட்டுமே உங்கள் வேலை. 2024 பிப்ரவரியில் எங்காவில் நடந்த மோதலில் பலர் கொல்லப்பட்டனர். ஐந்தாண்டுக்கு ஒரு முறை வரும் பொதுத்தேர்தல் மாதங்களில் விடுப்பெடுத்து ஊருக்கு வந்துவிடுவது அறிவுடைமை. எதிர்பாராத சாவு நேர்ந்தால் செய்வினை என்ற பேச்சு எழுந்து, யாரோ ஒரு பெண்மீது பழி விழுவதுண்டு. சூனியச் சட்டம் 2013-இல் நீக்கப்பட்ட பின்னும் இக்கொடுமை ஓயவில்லை. செவிலியராக இருப்பவர் இறப்பின் காரணத்தை அன்றே, குடும்பத்தார் கூடியிருக்கும்போது, அவர்களுக்கு விளங்கும்படி எடுத்துச் சொல்ல வேண்டும். பழி எழுந்துவிட்டால் தனியாக எதிர்த்து நிற்காமல் போதகருக்கும் காவல்துறைக்கும் உடனே தெரிவிக்க வேண்டும்.

பணி முடியும் நாளைக் குறைந்தது ஒரு பருவத்துக்கு முன்னரே ஊருக்கு அறிவித்துவிடுங்கள். குக்கர், போர்வை, சூரியவிளக்கு போன்றவற்றை ஆளுக்கொன்றாக மறைவில் கொடுத்தால் பின்னால் சண்டை வரும். எல்லாவற்றையும் முற்றத்தில் பரப்பி, பங்கிடும் பொறுப்பை நிலத்துக்குரிய பெரியவரிடமே ஒப்படைத்துவிட்டு, காலை விமானத்துக்கு எடை போட நில்லுங்கள்.