அலான் ஜன்னல் வாங்கப்போறவங்க மொதல்ல கவனிக்க வேண்டியது விளிம்பைத்தான்

அலான்னு சொன்னா பாதிப்பேருக்குப் புரியாது, ட்ரான்ஸ்பரன்ட் அலுமினியம்னு சொன்னாதான் நிமிர்ந்து பாப்பாங்க. ஆனா இது உலோகமே கிடையாது. அலுமினியம், ஆக்சிஜன், நைட்ரஜன் மூணும் சேர்ந்த அலுமினியம் ஆக்சிநைட்ரைடுங்கற செராமிக். பொடியை அச்சுல அழுத்தி, உருகவிடாம ஃபர்னஸ்ல சுட்டு இறுக வைக்கறாங்க, உருகுநிலையே கிட்டத்தட்ட 2150 டிகிரி செல்சியஸ். ஆரம்பத்துல ரேதியான் கம்பெனி வளர்த்தெடுத்தது, 2002ல சர்மெட்ங்கற கம்பெனி கைக்குப் போச்சு. இங்க ஜன்னல்னு நான் சொல்றது வீட்டு ஜன்னல் இல்ல, கேமராவுக்கோ அழுத்தம் இருக்கற கருவிக்கோ முன்னாடி மாட்டற ஒளி போற தகடு.

பீங்கான் கப் வழியா ஏன் எதுவும் தெரியறதில்லன்னா, உள்ள இருக்கற பொடிப்பொடி காத்து ஓட்டைங்களும், கண்ணாடித்தன்மையும் படிகமுமா கலந்து கிடக்கறதும் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிச்சிடும். அலான்ல ஓட்டையை அநேகமா முழுசா ஒழிச்சிடறாங்க, அதோட படிகம் க்யூபிக், எந்தத் திசைல பாத்தாலும் ஒளிவிலகல் எண் ஒண்ணுதான் (சுமார் 1.79), அதனால ஒரு துகள்லேர்ந்து அடுத்த துகளுக்குப் போறப்ப ஒளி தடுமாறாது. சஃபயர் (அலுமினியம் ஆக்சைடு படிகம்) அப்படி இல்ல, அதை ஒரே படிகமா வளர்த்தாத்தான் தெளிவா வரும், அதனாலதான் பெரிய வளைஞ்ச டோம் மாதிரி வேணும்னா அலானோ, ஸ்பினல்ங்கற இன்னொரு ஒளி போற செராமிக்கோ சௌகரியம், பொடிக்கு எந்த வடிவம் வேணா குடுக்கலாம்ல.

ஸ்பெக் ஷீட்ல 85 சதவீதம்தான் ஒளி போகுதுன்னு போட்டிருந்தா மட்டமான சரக்குன்னு நெனச்சிடாதீங்க. ஒளிவிலகல் எண் அதிகம்ங்கறதால ஒவ்வொரு பக்கமும் 8 சதவீதம் கிட்ட திரும்பி அடிச்சிடுது, ஆன்ட்டி ரிஃப்ளெக்ஷன் கோட்டிங் போட்டா அது பெருமளவு சரியாயிடும். உண்மையிலேயே பாக்க வேண்டியது அலைநீளம். புற ஊதாலேர்ந்து அகச்சிவப்புல ஒரு 5 மைக்ரான் வரைக்கும் நல்லா போகும், அதுக்கு மேல விழுந்துடும். உடம்புச் சூட்டைப் பாக்கற தெர்மல் கேமரா 8லேர்ந்து 14 மைக்ரான்ல வேலை பாக்கறது, அதுக்கு முன்னாடி அலான் வெச்சா சுவர் வெச்ச மாதிரிதான், அங்க ஜெர்மேனியம் போடுங்க.

தடிமனுக்கு நான் போடற கணக்கு இது: விளிம்புல சும்மா உக்காந்திருக்கற வட்ட ஜன்னல்னா, 1.25ஐ அழுத்தத்தால பெருக்கி, ஆரத்தோட வர்க்கத்தால பெருக்கி, பாதுகாப்புக்கு 4ஆல பெருக்கி, பொருளோட வளைவு வலிமையால (வளைக்கறப்ப ஒடையாம தாங்கற அளவு) வகுத்து, வர்க்கமூலம் எடுங்க. 50 மிமீ விட்டமுள்ள திறப்பு (ஆரம் 25), 1 மெகாபாஸ்கல் அழுத்தம், வலிமை 300 மெகாபாஸ்கல்னா 3.2 மிமீ கிட்ட வரும். சப்ளையர் குடுக்கற வலிமை நல்லா பாலிஷ் பண்ண சாம்பிளோடது, உங்க பீஸ் அந்தளவுக்கு இருக்கணும்னு அவசியமில்ல, அதனால 4ஐக் குறைக்காதீங்க.

இப்ப விளிம்புக்கு வரேன், எனக்கு இதுதான் ரொம்ப முக்கியம். கடினமா இருக்கறது வேற, ஒடையாம இருக்கறது வேற. மணல் உரசினா அலான்ல கீறல் விழாது, ஆனா விரிசலைத் தாங்கற தன்மை சாதாரணக் கண்ணாடியைவிட ரெண்டு மூணு மடங்குதான், எஃகு பக்கத்துலயே வராது. ஒரு தடவை நானே ஜன்னலை நேரா இரும்பு ரிங்குக்கு அடியில வெச்சு ஸ்க்ரூவை ஒரு பக்கமாவே முறுக்கிட்டேன், ஓரத்துல அரிசி நொய் அளவுக்கு ஒரு சில்லு தெறிச்சது, பரவால்லன்னு விட்டேன், நாலு நாள் கழிச்சு சூடு ஏத்தினப்ப அந்த சில்லுலேர்ந்து கெளம்பி நடுவுல குறுக்க ஒரே கோடா விரிசல் ஓடிடுச்சு. அதுலேர்ந்து வந்த ஒடனே நகத்தை ஓரம் முழுக்க ஓட்டிப் பாப்பேன், எங்கயாவது மாட்டினா திருப்பி அனுப்பிடுவேன். விளிம்பைச் சாய்வா சேம்ஃபர் பண்ணிக் குடுங்கன்னு ஆர்டர்லயே எழுதிடுங்க. மாட்டறப்ப ரெண்டு பக்கமும் ஓ-ரிங்கோ மெத்துனு கேஸ்கெட்டோ, ஸ்க்ரூவை எதிரெதிரா கொஞ்சம் கொஞ்சமா. உலோகம் எங்கயும் தொடக்கூடாது. சூட்டையும் மெதுவா ஏத்தி மெதுவா எறக்குங்க, சூடா இருக்கறப்ப தண்ணி பட்டா போச்சு.

வந்தது அலானா சஃபயரான்னு சந்தேகம்னா, ரெண்டு போலரைசிங் ஷீட்டைக் குறுக்க வெச்சு இருட்டாக்கி, நடுவுல பீஸை வெச்சு இப்படி அப்படி சாய்ச்சுப் பாருங்க. சஃபயர்னா ஏதாவது ஒரு சாய்வுல வெளிச்சமோ கலரோ வரும், அலான் எப்படித் திருப்பினாலும் இருட்டாவே இருக்கும். சாதாரணக் கண்ணாடியும் ஸ்பினலும்கூட இருட்டாத்தான் இருக்கும், அதனால கூடவே எடை போட்டு அடர்த்தியும் பாருங்க, ஒரு கன சென்டிமீட்டருக்கு கிராம் கணக்குல கண்ணாடி 2.5, ஸ்பினல் 3.58, அலான் சுமார் 3.7.

குண்டு துளைக்காத ஜன்னலுக்கு இதை வெறும் தகடா யாரும் மாட்டறதில்ல. முன்னாடி அலான் தோட்டா முனையை நொறுக்கும், பின்னாடி கண்ணாடி அடுக்கு, கடைசில பாலிகார்பனேட், தெறிக்கற சில்லு உள்ள வராம அதுதான் புடிச்சுக்கும்.