வெளிநாட்டு மறைப்பணியில் வீட்டு நினைப்பு: கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

டான்சானியாவுக்குக் கிளம்பும் இளம் சிஸ்டர்களுக்கு எங்கள் சபையில் இப்போது நான்தான் பயிற்சி கொடுக்கிறேன். வருகிறவர்கள் முதலில் மலேரியாவைப் பற்றிக் கேட்பார்கள், அப்புறம் சாப்பாடு, அப்புறம் பாம்பு. வீட்டு நினைப்பைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. கேட்டால் தங்கள் துறவற அழைத்தலையே சந்தேகப்பட்டுவிடுவார்களோ என்ற பயம். அதனால் கேட்காமலேயே நானாகச் சொல்லிவிடுவேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். வேறு நாட்டுக்குப் போகிறவர்கள் அந்தந்த ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

வீட்டு நினைப்பு வந்தால் அழைத்தல் இல்லை என்று அர்த்தமே கிடையாது. நான் தூத்துக்குடி பக்கம் கடற்கரையில் பிறந்தவள். எங்களுக்குச் சவேரியார் என்றால் கோவிலில் நிற்கிற சுரூபம் மட்டுமல்ல, எங்கள் மணலில் நடந்தவர். அவர் 1546 மே மாதம், இன்றைய இந்தோனேசியாவில் இருக்கும் அம்பொன் தீவிலிருந்து ஐரோப்பாவில் இருந்த தன் சபைத் தோழர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். அவர்கள் தனக்கு எழுதிய கடிதங்களில் அவரவர் கைப்பட எழுதிய பெயர்களை மட்டும் வெட்டியெடுத்து, தன் வார்த்தைப்பாட்டுத் தாளோடு சேர்த்து எப்போதும் கூடவே வைத்திருப்பதாக அதில் சொல்கிறார். அவ்வளவு பெரிய புனிதருக்கே கையில் தொட்டுக்கொள்ள ஏதோ ஒன்று தேவைப்பட்டிருக்கிறது. நீங்களும் ஒன்று எடுத்துப் போங்கள். அம்மா கைப்பட எழுதிய ஒரு தாள் போதும். போனில் இருக்கும் படம் அந்த வேலையைச் செய்யாது.

அடுத்து, அது எப்போது வரும் என்று தெரிந்திருக்க வேண்டும். முதல் மாதம் வராது. முசோமாவில், விக்டோரியா ஏரிக்கரையில், மகோகோ மொழிப்பள்ளி இருக்கிறது. பல சபைகளைச் சேர்ந்தவர்கள் ஸ்வாஹிலி படிக்க அங்கே வருகிறார்கள். அந்தச் சில மாதங்கள் பாடம், வீட்டுப்பாடம், உங்களைப் போலவே திணறும் பத்து நாட்டு ஆட்கள் என்று ஓடிவிடும். பிறகு பங்குக்கு அனுப்புவார்கள். எல்லாம் பழகிவிட்டது என்று நீங்கள் நினைக்கிற அந்த நேரத்தில்தான் அது வந்து உட்காரும். பெரும்பாலும் சாயங்காலம். பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் ஆண்டு முழுக்க ஏழரை மணிக்குள் இருட்டிவிடும். கரண்டும் போயிருந்தால் கேட்கவே வேண்டாம்.

அந்த நேரத்தில் அறைக்குள் போய் உட்காராதீர்கள். இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். அடுப்படிக்குப் போங்கள். அங்கே சமையலுக்கு உதவ யாராவது ஒரு பெண் இருப்பாள். அரிசியில் கல் பொறுக்குங்கள், கீரை ஆயுங்கள். பேச்சு வராவிட்டாலும் பரவாயில்லை, கைக்கு வேலை இருக்கும், பக்கத்தில் ஒரு ஆள் இருக்கும். ஸ்வாஹிலியும் அங்கேதான் வேகமாக வரும். வகுப்பில் எத்தனை தடவை படித்தும் நிற்காத சொற்கள் எனக்கு அடுப்படியில்தான் நின்றன.

இனி போன். இன்றைய பிள்ளைகளுக்கு வீட்டு நினைப்பை வளர்ப்பதும் அதுதான், ஆற்றுவதும் அதுதான். டான்சானியா நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி பின்னால். அங்கே ராத்திரி எட்டு மணிக்குச் செபம், சாப்பாடு எல்லாம் முடித்து நீங்கள் போனை எடுக்கும்போது இங்கே பத்தரை. அம்மா தூக்கக் கலக்கத்தில் எழுந்து, குரல் சரியில்லையே என்று பயந்து, விடியும்வரை புரண்டுகொண்டிருப்பார். ஞாயிறு பூசை முடிந்து மதியம் பன்னிரண்டு மணிக்குக் கூப்பிடுங்கள். வீட்டில் இரண்டரை. சாப்பிட்டுவிட்டு எல்லாரும் கூடத்தில் இருப்பார்கள்.

வாரம் ஒரு நீண்ட பேச்சு, நேரம் மாறாமல். நடுவில் நலம் விசாரித்து ஒரு வரி அனுப்புவதில் தப்பில்லை. தினமும் வீடியோவில் வீட்டுக்குள் போய் உட்கார்ந்தால் நீங்கள் அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை என்று ஆகிவிடும். வீட்டில் என்ன குழம்பு என்பது தெரியும், உங்கள் பக்கத்து வீட்டில் குழந்தை பிறந்தது தெரியாது. மார்மன் சபையினரின் இளம் மறைப்பணியாளர்களுக்கு முன்பெல்லாம் வாரம் ஒரு மின்னஞ்சல்தான், போன் என்றால் பெரும்பாலும் கிறிஸ்துமசுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும். 2019 பிப்ரவரியில் வாரம் ஒருமுறை வீட்டோடு பேசலாம் என்று மாற்றினார்கள். என் அனுபவத்திலும் வாரம் ஒருமுறை என்பதுதான் சரியான அளவு. ஆண்டுக்கு இரண்டு முறை என்பது பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் தேவையில்லாத வதை.

பேசும்போது அழுகை வந்தால் அழுங்கள். ஆனால் அழுத கையோடு போனை வைத்துவிடாதீர்கள். கொஞ்ச நேரம் இருந்து வேறு கதை பேசி, வீட்டில் ஒருவரையாவது சிரிக்க வைத்துவிட்டு வையுங்கள். காய்ச்சல் வந்தால் மருந்து எடுத்து, காய்ச்சல் இறங்கியபிறகு வீட்டில் சொல்லுங்கள். ஊர்த் திருவிழா சமயத்தில் குடும்ப வாட்ஸாப் குழுவின் சத்தத்தை அணைத்துவிடுங்கள். எங்களுக்குப் பனிமய மாதா திருவிழா ஜூலை 26-இல் கொடியேறி ஆகஸ்ட் 5-இல் முடியும். அந்தப் பதினொரு நாளும் ஒவ்வொரு வீடியோவாக வந்து விழும். எல்லாம் முடிந்தபின் மொத்தமாகப் பாருங்கள். அதே நாட்களுக்குப் பங்கில் ஏதாவது ஒரு வேலையை முன்கூட்டியே ஒத்துக்கொள்ளுங்கள். நான் நோயாளிகளை வீட்டில் சந்திக்கும் வேலையை அந்த வாரத்தில்தான் வைத்துக்கொள்வேன்.

சாப்பாட்டு விஷயத்தில் பெட்டி நிறைய ஊறுகாய் கட்டிக்கொண்டு போவது உதவாது. தீர்ந்துபோகிற நாளில் வருத்தம் இரட்டிப்பாகும். அங்கே என்ன கிடைக்கிறது என்று சந்தையில் தேடுங்கள், ஆச்சரியப்படுவீர்கள். துவரை இருக்கிறது, ம்பாசி என்று கேட்க வேண்டும். புளி உக்வாஜு. வெல்லத்தைச் சுகாரி குரு என்பார்கள். அதை வைத்து நான் கிறிஸ்துமசுக்கு அதிரசம் சுட்டு அக்கம்பக்கம் கொடுத்திருக்கிறேன். காலையில் அங்கே குடிக்கிற உலேசிக் கஞ்சி வேறொன்றுமில்லை, நம் கேழ்வரகுதான். சொல்லப்போனால் கேழ்வரகு பிறந்ததே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்தில், அங்கிருந்துதான் நம் நாட்டுக்கு வந்தது. வாரத்தில் ஒரு வேளை நம் சமையல் போதும். மற்ற நாளெல்லாம் அவர்களோடு உட்கார்ந்து உகாலி என்கிற சோளமாவுக் களியைக் கையால் உருட்டிச் சாப்பிடுங்கள். வெளிநாட்டு சிஸ்டர் கையால் சாப்பிடுவதைப் பார்த்ததும் அந்த வீட்டில் இருக்கும் தயக்கம் போய்விடும்.

ஏரிக்கரை ஊர்களில் டகா என்று ஒரு பொடிமீன் பிடிக்கிறார்கள். நிலா இல்லாத இரவில் படகில் விளக்கு ஏற்றிப் போவார்கள், விடிந்ததும் பெண்கள் அதைக் கரை மணலில் பரப்பிக் காயவைப்பார்கள். மண்டியிட்டு, இரண்டு உள்ளங்கையாலும் தள்ளித்தள்ளி, மீன்மேல் மீன் விழாமல் பரப்புவார்கள். காகம் வந்தால் ஒரு குச்சியை வீசுவார்கள். முதல் தடவை அந்த வாடை காற்றில் வந்தபோது என்னால் நிற்க முடியவில்லை, நெத்திலி காய்கிற எங்கள் ஊர்க் கரைதான் கண்முன் நின்றது. மறுவாரம் நானே அங்கே போய் அவர்களோடு மண்டியிட்டு மீன் பரப்ப ஆரம்பித்தேன். என் கை ஓடுகிற வேகத்தைப் பார்த்து ஒரு வயசான அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து, நீ எந்த ஊர் மீன்காரி என்று கேட்டார். சிஸ்டர் என்று தெரிந்து வைத்திருந்தவர்கள் அன்றைக்குத்தான் என் அப்பா யார், எந்தக் கடல், எத்தனை பிள்ளைகள் என்றெல்லாம் விசாரித்தார்கள். வீட்டை ஞாபகப்படுத்துகிற இடத்தைக் கண்டு ஒதுங்காதீர்கள். உங்களை அங்குள்ளவர்களோடு சேர்த்து வைப்பது பல நேரம் அந்த இடம்தான்.

பெரியவர்களைக் கண்டால் ஷிகமோ என்று வணக்கம் சொல்லுங்கள். குழந்தைகள் உங்களுக்குச் சொன்னால் மரஹபா என்று பதில் சொல்லாமல் போகக்கூடாது, அது பெரிய அவமரியாதை. முடிந்தவரை நடந்து போங்கள். மடத்து வண்டியிலேயே போய்வருகிறவருக்கு ஊர் பழகாது. வாராவாரம் வீடுகளில் கூடுகிற ஜுமுயா என்ற அக்கம்பக்கத்துச் செபக்குழுவை விடவே விடாதீர்கள். நம் அன்பியம் மாதிரிதான். கிழக்கு ஆப்பிரிக்க ஆயர்கள் 1976-லேயே இதைத் தங்கள் மேய்ப்புப்பணியின் முதல் வேலையாக எடுத்துக்கொண்டார்கள், அதனால் அங்கே வேர் ஆழம். ஞாயிறு பூசை இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகும், நடுவில் பெண்கள் குலவை போடுவார்கள். நம் ஊர்க் குலவையேதான். தெற்கத்திப் பெண் யாராயிருந்தாலும் அதைக் கேட்டால் தானாகவே நாக்கு புரளும். கூச்சப்படாமல் கூடவே போடுங்கள்.

இதையெல்லாம்விட முக்கியமாக நான் சொல்ல நினைப்பது ஒன்று உண்டு. மறைப்பணிக்குப் போகிற நமக்குள் ஒரு எண்ணம் ஊறியிருக்கிறது: நாம் கொடுக்கப் போகிறவர்கள், ஆறுதல் சொல்லப் போகிறவர்கள், நம் கண்ணீரை அவர்கள் பார்க்கக்கூடாது. இந்த எண்ணத்தோடு போகிறவருக்கு வீட்டு நினைப்பு தீரவே தீராது. அந்த ஊர் உங்களைக் கவனித்துக்கொள்ள இடம் கொடுங்கள்.

நான் அங்கே இருந்தபோது அப்பா தவறிவிட்டார். முசோமாவிலிருந்து பஸ் பிடித்து, விமானம் மாறி, தூத்துக்குடி வந்துசேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிடும். போக முடியாது என்று மதரிடம் நானே சொல்லிவிட்டு அறைக்குள் இருந்தேன். செய்தி எப்படிப் பரவியதோ, மதியத்துக்குள் ஜுமுயாப் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருத்தி தலையில் விறகு, ஒருத்தி கையில் சர்க்கரைப் பொட்டலம், இன்னொருத்தி சோளமாவு. அங்கே சாவு வீட்டுக்கு அப்படித்தான் போவார்கள். போலே சனா, ரொம்ப வருத்தம், என்று கையைப் பிடிப்பார்கள், பாயை விரித்து உட்கார்ந்துவிடுவார்கள், அவ்வளவுதான். யாரும் ஆறுதல் வசனம் பேசவில்லை. சாயங்காலம் மடத்து முற்றத்திலேயே கஞ்சி காய்ச்சி எனக்குக் கொடுத்து அவர்களும் குடித்தார்கள். நான் தமிழில் ஒப்பாரி வைத்தேன், ஒரு வார்த்தை புரியாமல் கூடவே அழுதார்கள். இரண்டு பேர் இரவும் போகவில்லை. அதற்குப் பிறகும் வீட்டு நினைப்பு எனக்கு வந்திருக்கிறது. ஆனால் யாருமில்லாத இடத்தில் இருக்கிறேன் என்கிற அந்தப் பயம் வந்ததில்லை. அவ்வளவு பெரிய துக்கம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கு அம்மா ஞாபகமாக இருக்கிறது என்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் உங்களுக்குத் தெரிந்த அரைகுறை ஸ்வாஹிலியில் சொல்லிப் பாருங்கள்.

செபத்தில் ஒரு யோசனை. சமூகச் செபம் ஸ்வாஹிலியிலோ ஆங்கிலத்திலோ இருக்கட்டும். தனிச்செபத்தை மட்டும் தமிழிலேயே வையுங்கள். நாள் முழுக்க அந்நிய மொழியில் தட்டுத்தடுமாறியபின் கடவுளிடமாவது தடுமாறாமல் பேச வேண்டும். அதேபோல், மடத்தில் இன்னொரு தமிழ் சிஸ்டர் இருந்தால் சாப்பாட்டு மேசையில் இருவரும் தமிழ் பேசாதீர்கள். கென்யாக்காரரும் மலையாளச் சகோதரியும் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நடக்கப் போகும்போது பேசிக்கொள்ளலாம்.

உடம்பையும் பார்க்க வேண்டும். மலேரியா, ரத்தசோகை, தைராய்டு எல்லாமே மனசைக் கீழே இழுக்கும். மலேரியாத் தடுப்புக்கு மெஃப்ளோகுயின் மாத்திரை எடுக்கிறவர்கள் கவனிக்க வேண்டும்: கெட்ட கனவு, பதற்றம், மனச்சோர்வு ஆகியவை அந்த மாத்திரையாலேயே வரலாம். 2013-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதன் அட்டையில் மிகக் கடுமையான எச்சரிக்கையைப் போட வைத்தது. அப்படி ஏதாவது தோன்றினால் மருத்துவரிடம் சொல்லி மாற்று மாத்திரை கேளுங்கள். வீட்டு நினைப்பு என்பது வரும், போகும்; நடுவில் சிரிப்பும் பசியும் இருக்கும். இரண்டு வாரமாகத் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை, சாகலாம் போலிருக்கிறது என்றால் அது வேறு. அன்றைக்கே மதரிடம் சொல்லுங்கள், மருத்துவரைப் பாருங்கள். செபம் குறைந்ததால் வந்தது என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். சிகிச்சைக்காக ஊருக்குத் திரும்ப வேண்டியிருந்தாலும் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடைசியாக, முதல் விடுமுறை. ஊருக்கு வந்து திரும்பும்போது முதல் தடவை போனதைவிட அதிகமாக வலிக்கும், தயாராக இருங்கள். ஊரில் இருக்கும்போதே வேளாங்கண்ணியில் செபமாலைகள் வாங்கிக்கொள்ளுங்கள், ஜுமுயாவில் வீட்டுக்கு ஒன்று வரும்படி. விதை, செடி எதையும் வைக்காதீர்கள், விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள். ஜுமுயா கூடுகிற நாளுக்கு முந்தைய நாள் போய்ச் சேருகிற மாதிரி டிக்கெட் போடுங்கள். போன மறுநாளே செபமாலைகளை எடுத்துக்கொண்டு வீடுவீடாகக் கிளம்பிவிடுங்கள், பெட்டியைப் பிரிப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.