தைராய்டால் கண் பிதுங்குகிறதா? ஒரு சிவப்பு மூடியை எடுத்துக்கொள்ளுங்கள்

"ஏன் இப்படி முறைக்கிறாய்?" என்று வீட்டில் கேட்கத் தொடங்கியிருப்பார்கள், ரத்தப் பரிசோதனையில் தைராய்டு அதிகம் என்று வந்திருக்கும். பெரும்பாலும் கிரேவ்ஸ் நோயோடு வருவது இது, அதாவது உடலின் எதிர்ப்பு சக்தியே எதிர்ப்பொருள்களை உண்டாக்கித் தைராய்டைத் தூண்டிவிடும் நோய். கண் பெரிதாகிவிடவில்லை, பின்னாலிருந்து தள்ளப்படுகிறது.

கண் குழி என்பது முன்பக்கம் மட்டும் திறந்த ஓர் எலும்புக் கூம்பு. மொத்தமே சுமார் 30 மில்லி இடம், அதில் கண் உருண்டைக்குச் சுமார் 7 மில்லி. மிச்சத்தில்தான் கொழுப்பு, கண்ணை அசைக்கும் தசைகள், பார்வை நரம்பு எல்லாம். தைராய்டைத் தூண்டிவிடும் அதே எதிர்ப்பொருள்கள் இங்கே உள்ள செல்களையும் உசுப்பிவிட, அவை ஹையலுரானிக் அமிலத்தைச் சுரந்து தள்ளும் (முகத்துக்குப் பூசும் சீரத்தில் இருக்கிறதே, அதேதான்). அது தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். தசை தடிக்கும், கொழுப்பு கூடும், எலும்போ விரியாது. அப்புறம் கண் முன்னால் வராமல் எங்கே போகும்?

ஆனால் பிதுங்கலை வைத்து ஆபத்தை அளக்காதீர்கள். கண் முன்னால் வந்தால் உள்ளே கொஞ்சம் அழுத்தம் குறையும். அதிகம் பிதுங்காத கண்ணில்தான் சில சமயம் கூம்பின் நுனியில் தடித்த தசைகள் பார்வை நரம்பை நெரிக்கும். அதனால் வாரம் இரண்டு முறையாவது இதைச் செய்யுங்கள்: தண்ணீர் பாட்டிலின் சிவப்பு மூடி ஒன்றை நல்ல வெளிச்சத்தில் வைத்து, வழக்கமான கண்ணாடியோடு, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பாருங்கள், பிறகு மாற்றிப் பாருங்கள். ஒரு கண்ணுக்கு மட்டும் பலமுறை துவைத்த துணி மாதிரி சிவப்பு வெளிறித் தெரிந்தாலோ, பார்வை மங்கினாலோ, அன்றைக்கே கண் மருத்துவமனைக்குப் போங்கள். இரண்டு கண்ணிலும் சேர்ந்தே நரம்பு நெரிபடலாம், ஆகவே மூடி ஒரே மாதிரி தெரிகிறது என்பதற்காகக் கண் மருத்துவரின் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

மேலே டியூப்லைட்டைப் பார்த்தால் இரண்டாகத் தெரிகிறதா? கண்ணின் கீழ்த்தசைதான் பெரும்பாலும் முதலில் இறுகும். எந்தப் பக்கம் பார்க்கும்போது இரட்டையாகிறது என்று குறித்துவையுங்கள், வண்டி ஓட்டாதீர்கள்.

இரவில் தலையணையை உயர்த்திக்கொள்ளுங்கள். இமை முழுதாக மூடவில்லை என்றால் மருத்துவர் தரும் கண் ஜெல்லைப் போட்டுக்கொள்ளாமல் தூங்க வேண்டாம், கருவிழி காய்ந்து புண்ணாகிவிடும். சிகரெட்டை விடுங்கள், இதில் பேரமே கிடையாது. தைராய்டுக்குக் கதிரியக்க அயோடின் கொடுக்கலாம் என்று பேச்சு வந்தால், கண் பிரச்சினை இருப்பதை முதலில் சொல்லிவிடுங்கள், அது கண்ணை மோசமாக்கக்கூடும்.

வீக்கம் தீவிரமாக இருக்கும் காலம் பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடம். ஸ்டீராய்டு வேலை செய்வது அப்போதுதான். பார்வைக்கு ஆபத்து இல்லையென்றால் அறுவை சிகிச்சைக்கு அது அடங்கும்வரை காத்திருக்கச் சொல்வார்கள். அறுவை சிகிச்சையின் வரிசை இது: முதலில் குழியில் இடம் கூட்டுவது, பிறகு தசை, கடைசியில்தான் இமை. பார்க்க நன்றாக இல்லை, இமையை முதலில் சரிசெய்யுங்கள் என்று கெஞ்ச வேண்டாம், குழியையும் தசையையும் தொட்டதும் இமை நிற்கும் இடம் மறுபடி மாறிவிடும்.